காதர் பாய் வீட்டு மரமேடைக்கு நான் போட்ட எஸ்டிமேட்

எஸ்டிமேட் பிரிவுக்குப் புதிதாக வந்திருக்கிற தம்பிகளுக்கும் தங்கச்சிகளுக்கும் ஒரு நல்ல செய்தி. பெருக்கலில் நீங்கள் விடுகிற தப்பால் எதுவும் இடிந்து விழுந்துவிடாது. அதைச் சரிபார்க்க ஆபீஸில் ஆள் இருக்கிறார், கால்குலேட்டர் இருக்கிறது, எல்லாம் போனாலும் கடைக்காரர் சொல்லிவிடுவார். பெருக்கத் தொடங்குவதற்கு முன்னால் ஒரு எண்ணைக் கையில் எடுப்பீர்கள் பாருங்கள், அதைத்தான் யாரும் சரிபார்ப்பதில்லை. அப்படி ஒரு எண்ணை எடுத்துக்கொண்டு நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன். சிரிப்பதாக இருந்தால் தாராளமாகச் சிரியுங்கள். அன்றைக்கு விருதுநகரே சிரித்தது.

சிக்குன்குனியா வந்து ஊரையே மடக்கிப் போட்ட வருஷம் அது. நான் இதே மாதிரி ஒரு கட்டட கான்ட்ராக்ட் ஆபீஸில் டைப்பிஸ்ட்டாக இருந்தேன். படித்தது சிவில் டிப்ளமா. ஆனால் வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கு ஆபீஸில் டைப்பிஸ்ட் நாற்காலி மட்டும்தான் காலியாக இருந்தது, உட்கார்ந்துவிட்டேன். பிறகு எழுந்திருக்க விடவில்லை. ஒன்பது வருஷம் மற்றவர்கள் போட்ட எஸ்டிமேட்டை டைப் அடித்தேன். அதில் தப்பு இருந்தால் திருத்தியும் அடித்தேன். திருத்தினது யாருக்கும் தெரியாது. "டைப்பிஸ்ட் அக்கா அடிச்சா தப்பே இருக்காது" என்று என் விரலைப் பாராட்டுவார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

எங்கள் முதலாளி நல்ல மனுஷர். அவருக்குக் கோபம் வந்தால் குரல் இறங்கும், சந்தோஷம் வந்தால் கத்துவார். அதனால் புது ஆட்கள் கொஞ்ச நாள் குழம்புவார்கள். எங்களுக்கு வந்த வேலையில் முக்கால்வாசி சிவகாசிப் பக்கம் பட்டாசுக் கம்பெனிகளுக்குக் கட்டுகிற அறைகள், கொட்டகைகள். எம். புதுப்பட்டியில் தொடங்கி எங்கே பார்த்தாலும் எங்கள் கட்டடம் ஒன்று நிற்கும். வீட்டு வேலை எப்போதாவது வரும்.

அப்படி வந்தவர்தான் காதர் பாய். விருதுநகரில் மிளகாய் வத்தல் மண்டி வைத்திருந்தார். ஆமத்தூர் ரோட்டில் புதிதாக வீடு கட்டியிருந்தார். வந்து உட்கார்ந்ததுமே ஒரு படத்தை மேஜையில் வைத்தார். அமெரிக்காவில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் மகன் அனுப்பியது. ஒரு வீட்டின் பின்பக்கம் தரையிலிருந்து ரெண்டடி உயரத்தில் பலகை பாவின மேடை. அதன் மேல் நாலு நாற்காலி, ஒரு குடை.

"இதுக்குப் பேரு டெக்காம். அங்கன எல்லா வீட்லயும் பின்னால இது உண்டாம். மூணு வருசம் கழிச்சு இப்பதான் பய ஊருக்கு வாரான். வந்தா பத்து நாள்ல ஓடிருவான். இது இருந்தா ஒரு மாசம் உக்காருவான்ல?" என்றார்.

பாய்க்கு வேண்டியது மேடை இல்லை, அந்த மீதி இருபது நாள். அது எனக்கு அப்போதே புரிந்தது. மேடை மட்டும்தான் புரியவில்லை.

முதலாளிக்கு அன்று காலையிலிருந்தே உடம்பு கொதித்தது. நாலு எஸ்டிமேட்டரில் மூணு பேர் ஏற்கெனவே கைகால் மூட்டு பிடித்துப் படுக்கையில். மிச்சம் இருந்தவர் சுவரைப் பிடித்து நடந்துகொண்டிருந்தார். முதலாளி ஆபீஸைச் சுற்றிப் பார்த்தார். நேராக நிமிர்ந்து உட்கார்ந்திருந்த ஒரே ஆள் நான்தான்.

"நீயே போட்டிரும்மா," என்றார். "சரியா வந்தா இனிமே நீ எஸ்டிமேட்டுப் பக்கம். சரியா வரலைன்னா பழையபடி உன் மிஷின் இருக்கு."

ஒன்பது வருஷம் கழித்து வந்த வாய்ப்பு. கொசுக்களுக்கு மனசுக்குள் நன்றி சொன்னேன்.

மறுநாள் டேப்பை எடுத்துக்கொண்டு பாய் வீட்டுக்குப் போனேன். இருபதடி நீளம், பன்னிரண்டடி அகலம். ஒருமுறை அளந்தேன், நம்பிக்கை வராமல் திரும்ப அளந்தேன், பாய் பார்க்கிறாரே என்று மூணாம் முறையும் அளந்தேன். அஞ்சு இஞ்ச் அகலப் பலகை, பலகைக்குப் பலகை கால் இஞ்ச் இடைவெளி. மழை பெய்தால் மரம் உப்பும், அதற்கு இடம் வேண்டும் என்று பாய்க்கு விளக்கினேன்.

"எந்த ஊரு மழை?" என்றார் பாய்.

அவர் கேட்டது நியாயம்தான். ஆனாலும் இடைவெளி வேண்டும் என்றேன். வத்தல் வியாபாரிக்குக் கழிவு என்றால் உயிர். காம்புக்குக் கழிவு, தூசிக்குக் கழிவு, ஈரத்துக்குக் கழிவு என்று வாழ்நாளெல்லாம் கழித்தே பழகினவர். "அப்ப இடைவெளில மரம் இல்ல. இல்லாத மரத்தை எஸ்டிமேட்டுல கழிச்சிரணும்ல?" என்று பிடித்துக்கொண்டார். அங்கேயே குந்தி உட்கார்ந்து கணக்குப் போட்டேன். இடைவெளி விடாமல் பாவினால் இருபத்தொன்பது வரிசை. இடைவெளி விட்டால் இருபத்தெட்டு. ஒரு வரிசை மிச்சம். ஒரு வரிசைக்குப் பத்தடிப் பலகை ரெண்டு.

"ரெண்டு பலகை!" என்று பாய் துள்ளினார். வீட்டுக்குள் போய் அதை எல்லாரிடமும் சொல்லிவிட்டு வந்தார். "அப்ப இடைவெளியை இன்னும் கொஞ்சம் பெருசா விட்டா?" என்று கேட்டார். இடைவெளியை முழுசாக விட்டால் பலகையே வேண்டாம் பாய் என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, கால் இஞ்சே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார்.

மரக்கடைக்கும் கூட வந்தார். மேலே இருக்கிற பலகையை அவர் நம்பவில்லை. மூட்டையில் மேல் வத்தல் எப்போதும் நல்ல வத்தலாகத்தான் இருக்கும், சரக்கு அடியில்தான் தெரியும் என்பது அவர் கொள்கை. அடுக்கின் அடியில் கிடக்கிற பலகையை உருவச் சொன்னார். கடைக்காரர் தலையில் கைவைத்துக்கொண்டார். உருவி முடித்ததும், மூட்டையில் குத்தி மாதிரி எடுக்கிற குத்தூசியைப் பாய் இடுப்பிலிருந்து எடுத்து அந்த வேங்கைப் பலகையில் ஒரு குத்து விட்டார். ஊசி வளைந்தது. "நல்ல மரம்," என்றார் திருப்தியாக. இன்றைக்கும் மரத்துக்கு அதைவிட எளிய பரிசோதனை எனக்குத் தெரியாது.

இந்தப் பலகை விஷயத்தில் நாங்கள் ரெண்டு பேரும் சேர்ந்து மூணு நாள் பேசியிருப்போம். வெட்டுக்கழிவு எவ்வளவு, முடிச்சு விழுந்த பலகைக்கு எவ்வளவு கூடுதல், ஓரத்துக்கு எது, எதையும் விடவில்லை. ஒரே ஒரு கேள்வியை மட்டும் நான் கேட்கவில்லை. அதற்குக் காரணம் கம்ப்யூட்டர்.

அப்போதுதான் எங்கள் ஆபீஸுக்குக் கம்ப்யூட்டர் வந்து ரெண்டு வருஷம் ஆகியிருந்தது. புது எஸ்டிமேட் என்றால் புதிதாக அடிப்பதெல்லாம் இல்லை. பழைய ஃபைல் ஒன்றைத் திறப்பது, மேலே பேரை மாற்றுவது, நடுவில் அளவை மாற்றுவது, வேறு பேரில் சேமிப்பது. நீங்களும் அதைத்தான் செய்கிறீர்கள், எனக்குத் தெரியும், மூஞ்சியைத் திருப்பாதீர்கள். நானும் ஒரு ஃபைலைத் திறந்தேன். எங்கள் ஆபீஸில் எந்த ஃபைலைத் திறந்தாலும் அது பட்டாசுக் கம்பெனி ஃபைலாகத்தான் இருக்கும்.

அந்த ஃபாரத்தின் முதல் வரி: "உள்ளே இருக்கக்கூடிய ஆட்கள்: 4". அறை எம்புட்டுப் பெரிசாக இருந்தாலும் நாலு பேர்தான், வெடித்தால் சாவு குறையட்டும் என்று பட்டாசுக்காரர்களுக்குச் சட்டம் அது. ஒன்பது வருஷமாக அந்த நாலை அடித்து அடித்து, அது எனக்கு எண்ணாகவே தெரிவதில்லை. கண் அதைத் தாண்டி அடுத்த வரிக்குப் போய்விடும். அந்த ஆள் கணக்கை வைத்துத்தான் மேடைக்கு அடியில் எத்தனை கட்டை, எவ்வளவு நெருக்கமாக, பலகை எவ்வளவு கனம் என்பதெல்லாம் வரும். நாலு பேருக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு போட்டேன். முக்கால் இஞ்ச் பலகை, மூணடிக்கு ஒரு குறுக்குக்கட்டை. பெருக்கல் அத்தனையும் சரி. மூணு தடவை சரிபார்த்தேன் என்று பெருமை வேறு.

மற்ற வரிகளும் அப்படியே இருந்தன. "இரும்பு ஆணி கூடாது." "நான்கு பக்கமும் வெளியேறும் வழி." "மணல் வாளி நான்கு, தண்ணீர் வாளி நான்கு, சிவப்புப் பெயின்ட்." "ஆள் எண்ணிக்கையை வெளியே தெரியும்படி எழுதுதல்." இவை எல்லாம் தீப்பொறிக்கும் நெருப்புக்கும் பயந்து எழுதினவை, ஃபாரத்தின் கடைசிப் பக்கம். கடைசிப் பக்கத்தை யார் படிப்பார்கள்?

முதலாளி படிக்கவில்லை. அவர் கட்டிலில் படுத்திருந்தார். பேனாவை மடக்கிப் பிடிக்க முடியாமல் கட்டை விரலுக்கும் உள்ளங்கைக்கும் நடுவில் செருகி, கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டார். "கூட்டல் சரிதானே?" என்று மட்டும் கேட்டார். சரிதான் என்றேன்.

வேலைக்குப் போனவர் புதுப்பட்டி ஆசாரி. பட்டாசுக் கம்பெனிகளில் மேஜையும் பெட்டியும் செய்தே தலை நரைத்தவர். அவராவது கேட்டிருக்கலாம். ஆனால் பெரிய இடம், ஆள் நாலு, இரும்பு கூடாது என்றால் அவருக்கு அது பழகின வீட்டுக்குள் நுழைகிற மாதிரி. வில்லங்கம் தெரிய வழியில்லை. வீட்டுக்குப் பின்னால் என்ன தயாரிக்கப் போகிறார்கள் என்றுகூடக் கேட்கவில்லையாம். மண்டிக்காரர், ஏதாவது இருக்கும் என்று விட்டுவிட்டார்.

அந்தக் காலத்தில் எஸ்டிமேட் போடுகிறவர்கள் வேலை நடக்கிற இடத்துக்குப் போவதில்லை. நானும் போகவில்லை. மேடை முடிந்து, மகன் வந்து, பாய் சொந்தபந்தத்தையெல்லாம் கூப்பிட்டு மதியம் பிரியாணி விருந்து வைத்த அன்றைக்குத்தான் அதை முதலில் பார்த்தேன். முதலாளியும் கொஞ்சம் தேறி, நொண்டிக்கொண்டே வந்திருந்தார்.

பின்பக்கக் கதவைத் திறந்தேன். நடுவில் அழகான வேங்கை மேடை. நாலு பக்கமும் நாலு படிக்கட்டு. மூலைக்கு ஒரு கம்பம், கம்பத்துக்கு ரெண்டு வாளி, பளபளவென்று சிவப்பு. மேடையின் முகப்புப் பலகையில் ஒரு வட்டம் போட்டு, அதற்குள் ஒரு சாண் உயரத்தில் "ஆட்கள் 4".

பாய் ஓடிவந்தார். "தாயி! வாங்க, வாங்க! சாப்பிட்டீகளா? பாத்தீகளா நம்ம மேடையை? ஒரு இரும்பாணி கெடையாது. அம்புட்டும் மர ஆணி! வந்தவுகல்லாம் அசந்து போயிட்டாக!"

"அந்த வாளி..." என்று இழுத்தேன்.

"அதையும் கேட்டாக. அமெரிக்கா ஸ்டைலுன்னு சொல்லிட்டேன்."

"அந்த நாலு?"

"மாடல் நம்பரு," என்றார் பாய்.

மகன் பக்கத்தில்தான் நின்றான். நல்ல பையன், அத்தாவைச் சபையில் விட்டுக்கொடுக்க மனசில்லை. "அமெரிக்காவுலகூட இப்படி ஒண்ணு நான் பார்த்ததில்லத்தா," என்றான். பாய் அதை எல்லாருக்கும் கேட்கிற மாதிரி இன்னொரு தடவை சொல்லச் சொன்னார்.

எனக்கு அப்போதுதான் ஒவ்வொரு வரியாக அந்த ஃபாரம் கண் முன்னால் ஓடியது. முதலாளியிடம் போய் மெதுவாக, "அண்ணாச்சி, இது நாலு பேருக்குத்தான் தாங்கும்," என்றேன். அவர் கையில் இருந்த கறித்துண்டு தட்டில் விழுந்தது. மேடையைப் பார்த்தார். அப்போது மேலே இருந்தது மூணு பேர். "மூணுதானே," என்றார். குரல் ரொம்ப இறங்கியிருந்தது.

அந்த நேரம் பார்த்து போட்டோக்காரர், "ஃபேமிலி எல்லாரும் மேல ஏறுங்க!" என்றார்.

நாலு பக்கமும் படி இருப்பதால் நாலு பக்கத்திலிருந்தும் ஏறினார்கள். அஞ்சு, எட்டு, பத்து. மேடை ஒருமுறை முனகியது. நடுப்பலகை ஒரு இஞ்ச் தாழ்ந்ததை நான் பார்த்தேன். அடியில் இருந்த ஒரு மர ஆணி டொக்கென்று தெறித்து வாழைத் தொட்டியில் விழுந்தது. பதினாலு. போட்டோக்காரர், "இன்னும் ஒட்டி நில்லுங்க," என்றார். அந்த ஆளை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு ஆத்திரம் வரும்.

அப்போது வீட்டுக்குள்ளிருந்து பாயின் மூத்த அக்கா வந்தார். சொந்தத்தில் முறை பார்க்காமல் எல்லாரும் பெரியம்மா என்பார்கள். ஆள் உண்மையிலேயே பெரியம்மா. அவர் உட்கார என்றே பாய் வீட்டில் தனியாக ஒரு பெஞ்ச் இருந்தது. "ஏலே, என்னைய விட்டுட்டா படம் எடுக்கீக?" என்று சிரித்துக்கொண்டே முதல் படியில் கால் வைத்தார்.

ரெண்டு வழி இருந்தது. வாயை மூடிக்கொண்டு, படம் எடுக்கிற அரை நிமிஷம் தாங்கட்டும் என்று வேண்டிக்கொள்வது. முதலாளி கண்ணாலேயே அதைத்தான் சொன்னார். இல்லையென்றால் கத்துவது. கத்தினால் பதினாலு பேரும் மிரண்டு ஒரே பக்கம் ஓடுவார்கள், விழ வேண்டிய மேடை இன்னும் சீக்கிரம் விழும். எனக்கு அழுகைதான் வந்தது. பிள்ளைகள் வேறு மேலே நின்றன. திரும்பிப் பார்த்தேன், பந்தியில் ஆசாரி பிரியாணியில் மும்முரமாக இருந்தார்.

ஓடினேன். "ஆசாரி, மேல பதினாலு பேரு!"

அவர் தலையைத் தூக்கினார். வாயில் இருந்ததை விழுங்கவில்லை. எழுந்து, எச்சில் கையோடு ரெண்டு தட்டுத் தட்டி, பட்டாசுக் கம்பெனியில் முப்பது வருஷம் கேட்டுக் கேட்டுப் பழகின குரலில் சொன்னார்: "நாலு பேருக்கு மேல இருக்கப்படாது! எறங்குங்க! ஓடாதீக, தள்ளாதீக, அவுகவுக பக்கத்துப் படில எறங்குங்க!"

வந்திருந்தவர்கள் எல்லாரும் நம் பக்கத்து ஆட்கள். நாலு பேருக்கு மேல் என்ற வார்த்தையை இந்த ஊரில் யாரும் விளையாட்டுக்குச் சொல்வதில்லை, யாரும் ஏன் என்று கேட்பதும் இல்லை. அந்த எண்ணுக்குப் பின்னால் எத்தனை வீட்டுத் துக்கம் இருக்கிறது என்று எல்லாருக்கும் தெரியும். பேச்சு நின்றது. பெரியவர்கள் பிள்ளைகளை இடுப்பில் தூக்கினார்கள். கிழக்கே நின்றவர்கள் கிழக்குப் படி, மேற்கே நின்றவர்கள் மேற்குப் படி. யாரும் யாரையும் இடிக்கவில்லை. மூச்சு விடுகிற நேரத்தில் எல்லாரும் கீழே இறங்கி, கொல்லைக் கடைசியில் வேப்பமரத்தடியில் வரிசையாகக் குந்தியிருந்தார்கள். பெரியம்மா வைத்த காலை எடுத்துக்கொண்டு, எனக்கு முன்னால் அங்கே போய்ச் சேர்ந்திருந்தார்.

மேடையில் மிச்சம் நின்றது மகன் மட்டும். மூணு வருஷத்தில் ஊர்ப் பழக்கம் விட்டுப் போய்விட்டது பாவம். "என்ன? என்ன ஆச்சு?" என்று நடுவில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். நெருப்பு எங்கே என்று தேடிப் பார்த்த ஒரு சித்தப்பா, எங்கேயும் காணாமல், இருக்கட்டும் என்று ஒரு மணல் வாளியைத் தூக்கி அவன் தலையில் கவிழ்த்தார். போட்டோக்காரர் அந்த நேரம் பொத்தானை அமுக்கினார். அந்தப் படத்தைப் பாய் பிறகு சட்டம் போட்டு மண்டியில் மாட்டியிருந்தார்.

பாய் நடுக் கொல்லையில் நின்று சுற்றும் பார்த்தார். புகை இல்லை, சத்தம் இல்லை. சொந்தபந்தம் முப்பது பேர் மரத்தடியில் குந்தியிருக்கிறார்கள், அமெரிக்காவிலிருந்து வந்த மகன் மணலைத் துப்பிக்கொண்டிருக்கிறான்.

"என்ன அண்ணாச்சி இது?" என்று முதலாளியிடம் கேட்டார்.

முதலாளி என்னைப் பார்த்தார். பிறகு பாயைப் பார்த்தார். பெரிய மனசோடுதான் சொன்னார், அதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகம் இல்லை. "ஒண்ணுமில்ல பாய். சின்ன டைப்பிங் மிஸ்டேக். நாப்பதுன்னு அடிக்க வேண்டியது, நாலுன்னு விழுந்திருச்சு. சைபர் விட்டுப்போச்சு. சரி பண்ணிக் குடுத்திருவோம்."

கூட்டத்தில் ஒரு பெருமூச்சு கேட்டது. பாயின் முகம் லேசானது. "அட, டைப்பிங் மிஸ்டேக்கா!" என்றார். டைப்பிங் மிஸ்டேக்கை யாரும் கோபித்துக்கொள்வதில்லை. காய்ச்சல் மாதிரி அது தானாக வருகிறது, தானாகப் போகிறது.

தம்பிகளா, தங்கச்சிகளா, இந்த இடத்தில்தான் நான் உங்களைக் கொஞ்சம் நிற்கச் சொல்கிறேன். முதலாளி எனக்கு ஒரு கதவைத் திறந்துவிட்டிருந்தார். தலையை ஆட்டினால் போதும். மானம் தப்பும், வேலையும் தப்பும். ஆனால் எந்த வேலை? டைப்பிங்கில் தப்பு விட்டவள் டைப்பிஸ்ட். திங்கட்கிழமை காலையில் அந்தப் பழைய நாற்காலியில் போய் உட்கார வேண்டியதுதான். ஒன்பது வருஷம் நான் திருத்தினதெல்லாம் என் விரலுக்குப் போன மாதிரி, நான் போட்ட முதல் தப்பும் என் விரலுக்கே போகப் போகிறது. அதை நினைத்ததும் எனக்கு வந்த கோபத்தில் பயம் போய்விட்டது.

"இல்ல பாய்," என்றேன். "அது டைப்பிங் மிஸ்டேக் இல்ல. எஸ்டிமேட் மிஸ்டேக். எஸ்டிமேட் போட்டது நான். என் டைப்பிங்ல தப்பே கெடையாது."

ஆசாரி, எதற்கும் இருக்கட்டும் என்று, பந்திக்குத் திரும்பப் போனார்.

பாய் கிட்ட வந்தார். "அப்ப இது நெசமாவே நாலு பேருக்குத்தானா?"

"ஆமா பாய்."

"எங்க வீட்ல நாலு பேரு மட்டும் என்னைக்குத் தாயி இருந்திருக்கோம்? ராத்திரி தண்ணி குடிக்க எந்திரிச்சாகூட ஆறு பேரு முழிச்சிருப்போம். எடத்தை மூணு தடவை அளந்தீகளே, ஒரு தடவை ஆளை எண்ணிருக்கப்படாதா?"

"கேட்டிருக்கணும் பாய். பலகையைப் பத்தியே பேசிட்டு விட்டுட்டேன். என் தப்புதான்."

பாய் மகன் பக்கம் திரும்பினார். அவன் சட்டைக்குள்ளிருந்து மணலை உதறிக்கொண்டே, "இதை முழுசாச் சரி பண்ண எத்தனை நாளாகும்க்கா?" என்று என்னிடம் கேட்டான்.

அடியில் கட்டையெல்லாம் மாற்ற வேண்டும், பலகையைக் கழற்றித் திரும்பப் பாவ வேண்டும். "மூணு வாரம்," என்றேன்.

"அப்ப லீவை நீட்டிர வேண்டியதுதான்," என்றான். "இது முடியறதைப் பாக்காம நான் போக மாட்டேன். அங்க போய்ச் சொன்னா ஒருத்தனும் நம்ப மாட்டான்."

பாயின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! மேடை நல்லபடியாக நின்றிருந்தால்கூட அந்தச் சிரிப்பு வந்திருக்காது. சட்டென்று அதை மறைத்துக்கொண்டு, மண்டியில் பேரம் பேசுகிற கறாரோடு, "சரி. அப்ப புது எஸ்டிமேட்டு இப்பவே, இங்கனயே போட்டாகணும். யாரு போடப் போறீக?" என்றார்.

முதலாளி சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். ரெண்டு விரலால் திறக்கப் பார்த்தார், முடியவில்லை. முடியவில்லையா, முடியாத மாதிரி காட்டினாரா, எனக்குத் தெரியாது. பேனாவை என்னிடம் நீட்டிவிட்டுக் கத்தினார்: "எனக்கு விரல் நோவுது! நீயே போடு, கையெழுத்தும் நீயே போட்டுரு!"

அவர் கத்தினதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. கூட்டம் நான் திட்டு வாங்குகிறேன் என்று நினைத்துப் பாவப்பட்டது.

பாய் வீட்டுப் பிள்ளையின் கணக்கு நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்துக் கொடுத்தார்கள். கடைசிப் பக்கத்திலிருந்து கிழித்ததால் தாள் வெறுமையாக இருந்தது. பழைய பேர் இல்லை, பழைய எண் இல்லை. வேப்பமரத்தடிக்குப் போய், குந்தியிருந்தவர்கள் முன்னால் நின்றுகொண்டு, கேட்க வேண்டிய கேள்வியை ஒருவழியாகக் கேட்டேன்.

"இந்த மேடையில ஒரே நேரத்துல எத்தனை பேரு இருப்பீக?"

எல்லாரும் ஒரே நேரத்தில் எண்ண ஆரம்பித்தார்கள். ஒருத்தர் இருபத்தாறு என்றார். இன்னொருத்தர் மதுரைக்காரர்களை விட்டுவிட்டீர்களே என்றார். மருமகள்களைச் சேர்ப்பதா என்று ஒரு சண்டை, கைக்குழந்தை ஆளா இல்லையா என்று இன்னொரு சண்டை. நான் முப்பது என்று எழுதி, அடித்து, முப்பத்திரண்டு என்று எழுதினேன்.

பெரியம்மா மரத்தில் கையை ஊன்றி மெதுவாக எழுந்து வந்தார். என் கையில் இருந்த தாளை எட்டிப் பார்த்தார். சுற்றி யாரும் கவனிக்கவில்லை என்று பார்த்துக்கொண்டு, என் காதருகே குனிந்தார்.

"என்னைய ரெண்டு ஆளா எழுதிக்க தாயி. வெக்கப்படாம எழுது. இன்னொரு தடவை அம்புட்டுத் தூரம் என்னால ஓட முடியாது."

எழுதினேன். கையெழுத்தும் போட்டேன்.